எரிந்த வீட்டுக்கு மறுபடி அனுமதி: 2017 தீக்குப் பின் சொனோமா கவுண்டி அனுமதித் துறை

2017 அக்டோபர் 8 இரவு 9.45 மணியளவில், கலிபோர்னியாவின் நாபா கவுண்டியில் கலிஸ்டோகா என்ற சிற்றூரின் டப்ஸ் லேன் அருகே தீப்பிடித்தது. விடிவதற்குள் அது மலையைத் தாண்டி, அடுத்த கவுண்டியான சொனோமாவின் தலைநகர் சாண்டா ரோசாவுக்குள் புகுந்துவிட்டது. ஆறு தடங்கள் கொண்ட 101 நெடுஞ்சாலையும் அதைத் தடுக்கவில்லை. டப்ஸ் தீ என்ற பெயரில் பதிவான இந்தத் தீயில் 36,807 ஏக்கர் எரிந்தது. 5,600க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. 22 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் சொனோமா பள்ளத்தாக்கில் நன்ஸ் தீயும் எரிந்தது. எல்லாம் சேர்த்து கவுண்டி இழந்தது சுமார் 5,300 வீடுகள். அவற்றில் ஏறக்குறைய 3,000 வீடுகள் சாண்டா ரோசா நகர எல்லைக்குள் இருந்தவை. மார்க் வெஸ்ட், லார்க்ஃபீல்டு, விக்கியப், கிளென் எல்லன், கென்வுட் போன்ற இடங்களில் இருந்த 2,200க்கும் மேற்பட்ட வீடுகள் எந்த நகராட்சியிலும் சேராதவை.

அந்த இரண்டாவது கணக்குதான் இந்த ஆய்வின் பொருள். கவுண்டியை மாவட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஆட்சியர் தலைமை என்றால், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மேற்பார்வையாளர்கள் கொண்ட குழுவே தலைமை. சொனோமாவில் ஒன்பது நகரங்கள் உண்டு. நகர எல்லைக்குள் கட்டட அனுமதி தருவது அந்தந்த நகரம். எல்லைக்கு வெளியே நிலப் பயன்பாடு, கட்டட வரைபடம், செப்டிக் டேங்க், கிணறு, மனையை வெட்டிச் சமன்செய்யும் மண் வேலை, வெள்ளப் பகுதி விதி அனைத்தும் ஒரே துறையின் கையில். அதன் இன்றைய பெயர் 'பெர்மிட் சொனோமா'. சாதாரண காலத்தில் அத்துறை ஒரு முழு ஆண்டில் பார்க்கும் புது வீட்டு விண்ணப்பங்களைப் போல் பல மடங்கு, ஒரே இரவில் அதன் வாசலுக்கு வந்து நின்றன.

அனுமதித் துறை என்றதும் எல்லோர் கண்ணும் விண்ணப்பம் வாங்கும் கவுண்டருக்குத்தான் போகும்: எத்தனை பேர் வரிசையில், எத்தனை நாளில் முத்திரை. சொனோமாவின் அனுபவத்தைக் கூர்ந்து பார்த்தால், நாட்களைத் தின்றது கவுண்டர் அல்ல. மண்ணுக்கு அடியில் இருந்த குழாயும், அலமாரியில் இருந்த பழைய கோப்பும்தான்.

முதலில் சாம்பல்

எரிந்த வீட்டின் சாம்பல் வெறும் சாம்பல் அல்ல. பழைய வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ், பேட்டரிகளின் ஈயம், பூச்சிமருந்து, பெயின்ட் டப்பா எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் மனை சுத்தமாகிவிட்டது என்ற சான்று வரும்வரை கட்டட அனுமதி கிடையாது என்பது முதல் விதி. சுத்தம் இரண்டு கட்டமாக நடந்தது. முதல் கட்டத்தில் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டில் கிடந்த அபாயப் பொருட்களை எடுத்தது. இரண்டாம் கட்டத்தில் ராணுவப் பொறியாளர் படையின் ஒப்பந்தக்காரர்கள் சாம்பல், இடிபாடு, அஸ்திவாரம், அதற்குக் கீழே கெட்டுப்போன மண் ஆகியவற்றை அள்ளினார்கள். சொனோமா, நாபா, லேக், மெண்டசினோ ஆகிய நான்கு கவுண்டிகளிலும் சேர்த்து அள்ளியது 20 லட்சம் டன்னுக்கு மேல்.

இந்த அரசுத் திட்டத்தில் சேர, மனைக்குள் நுழைய ஒப்புதல் தரும் படிவத்தில் உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடாதவர் தனியார் ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்யலாம். அப்போது வேலைத் திட்டத்தைக் கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கி, முடிவில் மண் மாதிரி எடுத்து ஆய்வக முடிவையும் தர வேண்டும்.

இந்தக் கட்டத்தில் விட்ட இரண்டு பிழைகள் மாதங்கள் கழித்து அனுமதி மேசையில் தலைகாட்டின. ஒன்று, பல மனைகளில் தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். அஸ்திவாரம் இருந்த இடத்தில் பள்ளம். அதைத் தளர்ந்த மண்ணால் நிரப்பி அதன்மேல் வீடு கட்ட முடியாது. மண் பொறியாளர் சொல்லும் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கி, இறுக்கத்தை அளந்து அறிக்கை தர வேண்டும். அந்தச் செலவு காப்பீட்டுத் தொகையில் இல்லை. கடைசியில் மாநில அவசரச் சேவை அலுவலகம் தலையிட்டு நிரப்பும் வேலையை ஏற்றது. இரண்டாவது பிழைதான் கொடியது: கனரக லாரிகள் செப்டிக் குழாய்ப் பரப்பின்மேல், அதாவது டேங்கிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழாய்கள் பதித்த இடத்தின்மேல் ஓடின. தோண்டும் குழு வருவதற்கு முன்பே டேங்க், குழாய்ப் பரப்பு, கிணறு மூன்றுக்கும் முளையடித்துக் கயிறு கட்டியிருந்தால் தப்பியிருக்கும். எங்கே இருக்கிறது என்றே தெரியாத உரிமையாளர் எதைக் காட்டுவார்?

செப்டிக் டேங்க்: உண்மையான இழுபறி

சாண்டா ரோசா நகருக்குள் காஃபி பார்க் என்ற குடியிருப்பில் வீடுகள் கிட்டத்தட்ட ஒரே அச்சு, சமதள மனை, தெருவில் பொதுக் கழிவுநீர்க் குழாய். அங்கே ஒரு கட்டுநர் நாலைந்து மாதிரி வரைபடங்களை ஒருமுறை சரிபார்த்து வாங்கிக்கொண்டு, அதே வரைபடத்தை மனை மனையாகக் கொடுத்தார். நகர அலுவலகம் மனைக்கு மனை மாறுவதை மட்டும் பார்த்தால் போதும். கவுண்டியின் மலைச் சரிவுகளில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு மனையும் தனிக் கதை: தனிக் கிணறு, தனி செப்டிக், தனிச் சரிவு, தனி மண்.

தீயில் செப்டிக் எப்படிக் கெடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கான்கிரீட் டேங்க் மண்ணுக்கடியில் பெரும்பாலும் தப்பிவிடும். தரைமட்டத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியும் குழாய் வாயும் உருகும். வீட்டிலிருந்து டேங்குக்கு வரும் பிளாஸ்டிக் குழாய் உருகி அடைத்துக்கொள்ளும். பம்ப் வைத்த அமைப்பாக இருந்தால் மோட்டாரின் மின்கட்டுப்பாட்டுப் பெட்டி சாம்பல். மேலே இடிந்து விழுந்த புகைக்கூண்டின் எடையில் டேங்கின் மேற்பலகை விரிசல் விட்டிருக்கலாம். ஆகவே டேங்கை முதலில் காலி செய்ய வேண்டும். உள்ளே விளக்கடித்துச் சுவரையும் நடுத்தடுப்பையும் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். குழாய்ப் பரப்புக்குள் தண்ணீர் விட்டு, மேலே பொங்காமல் உள்வாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்து, படுக்கையறை எண்ணிக்கையும் கூடாமல் இருந்தால் பழைய அமைப்பையே வைத்துக்கொள்ள வழி உண்டு.

எல்லாமே அந்தப் படுக்கையறை எண்ணிக்கையில்தான் தொங்குகிறது. செப்டிக்கை அளப்பது குளியலறைக் கணக்கால் அல்ல. எத்தனை பேர் தூங்கலாம் என்பதால். மாநில பிளம்பிங் விதியின் அட்டவணைப்படி மூன்று படுக்கையறைக்கு 1,000 கேலன் டேங்க், நான்குக்கு 1,200 கேலன். டேங்கை மாற்றுவது எளிது. குழாய்ப் பரப்பைப் பெரிதாக்குவதுதான் பாடு. கிணற்றிலிருந்து 100 அடி தள்ளியிருக்க வேண்டும். ஓடைக்கும் சரிவு விளிம்புக்கும் உரிய தூரம் விட வேண்டும். இப்போதைய பரப்பு கெட்டுப்போனால் மாற்ற ஒரு காலி இடமும் ஒதுக்கிக் காட்ட வேண்டும். நிலத்தடி நீர் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று தெரிய, மழைக்காலத்தில் குழி வெட்டிப் பார்க்க வேண்டிய மனைகளும் உண்டு. கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான். பிப்ரவரியைத் தவறவிட்டவர் அடுத்த மழைக்குக் காத்திருந்தார். எந்தக் கவுண்டரில் எத்தனை பேரைக் கூடுதலாக உட்கார வைத்தாலும் அந்த மழையை முன்னால் கொண்டுவர முடியாது.

அதனால்தான் லார்க்ஃபீல்டு எஸ்டேட்ஸில் எடுத்த முடிவைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். செப்டிக்கை நம்பியிருந்த அந்தத் தெருக்களுக்கு அருகிலேயே ஒரு பொதுக் கழிவுநீர் மண்டலம் இருந்தது. வீடு வீடாகப் புது செப்டிக்குக்கு ஒப்புதல் தேடாமல், பொதுக் குழாயைத் தெருக்களுக்குள் நீட்டி, இணைப்புச் செலவைப் பின்னால் கட்டவும் வழி செய்தார்கள். தெரு எரிந்து காலியாக இருக்கும்போது குழாய் பதிப்பது, குடியிருக்கும் தெருவில் பதிப்பதைவிட எளிது. அனுமதித் துறை தனியாக இதைச் செய்திருக்க முடியாது. ஆனால் எந்தத் தெருவில் எத்தனை விண்ணப்பம் எதனால் நிற்கிறது என்ற கணக்கு அந்தத் துறையிடம்தான் இருக்கும். அந்தக் கணக்கைக் கழிவுநீர் அமைப்பிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய சேவை.

பழைய கோப்பு

வீட்டோடு வீட்டின் காகிதங்களும் எரிந்துபோயின. பழைய வரைபடம், செப்டிக் அமைத்தபோது வரைந்த படம், கிணறு தோண்டியவரின் அறிக்கை ஆகியவற்றின் ஒரே பிரதி துறையிடம் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. சொத்து வரி போடும் மதிப்பீட்டாளர் அலுவலகத்திலும் ஒரு பதிவு இருக்கும்: எத்தனை சதுர அடி, எத்தனை அறை. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் தலைவலி.

அடிக்கடி வந்த வகை இது. 1960களில் இரண்டு படுக்கையறையோடு கட்டிய வீடு. பின்னால் யாரோ கார் ஷெட்டை அறையாக்கினார்கள், அனுமதி வாங்கவில்லை. வரிக்காக வந்த மதிப்பீட்டாளர் மூன்று அறை என்று எழுதிக்கொண்டார். அந்த வீட்டை வாங்கியவர் மூன்று அறை என்று நம்பியே வாங்கினார். காப்பீடும் மூன்று அறைக்குத்தான். இப்போது மூன்று அறைக்கு வரைபடம் கொடுத்தால், செப்டிக் கோப்பு இரண்டு என்கிறது. வரி கட்டியதால் அனுமதி உண்டு என்று ஆகாது. மதிப்பீட்டாளர் பார்ப்பது இருப்பதை, அனுமதித் துறை பார்ப்பது ஒப்புக்கொண்டதை. இதை உரிமையாளருக்கு வரைபடம் போடும் முன்பே சொல்லிவிட்டால், கட்டடக் கலைஞருக்குக் கொடுக்கும் பணமாவது மிஞ்சும். வரைபடம் வந்தபின் திருத்தக் கடிதத்தில் சொன்னால் இரண்டு மாதம் போச்சு. ஆகவே மனை எண்ணைச் சொன்னதும் கட்டட, செப்டிக், கிணற்றுப் பதிவுகள் மூன்றையும் ஒன்றாக எடுத்து மேசையில் வைக்கும் முதல் சந்திப்பு, வரைபட சரிபார்ப்பைவிட மதிப்புள்ளது.

தனி வரிசை

2018 பிப்ரவரியில் கவுண்டி தீயில் வீடு இழந்தவர்களுக்கு மட்டும் தனி அனுமதி மையம் திறந்தது. அங்கே வேலை பார்த்தது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எடுத்த தனியார் விதி ஆலோசகர்கள். சாண்டா ரோசா நகரமும் தனக்கென்று இப்படி ஒரு மையம் வைத்தது. தனி வரிசையால் இரண்டு பக்கமும் நன்மை. வீடு இழந்தவர், நீச்சல் குளம் கட்ட வந்தவருக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. நீச்சல் குளக்காரரும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. நிலப் பயன்பாடு, வரைபடம், செப்டிக், தீ ஆகிய நான்கு பார்வையும் ஒரே கூரையின் கீழ் ஒரே சமயத்தில் நடந்தன. வழக்கமான முறையில் ஒரு மேசை முடித்த பின்தான் அடுத்த மேசை திறக்கும்.

சட்டமும் கொஞ்சம் வழிவிட்டது. பேரிடரில் அழிந்ததை மறுபடி கட்டுவதற்கு மாநிலச் சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டத்தில் விலக்கு உண்டு. முன்பிருந்த பரப்புக்கு உட்பட்டால் பள்ளிக்கூட வளர்ச்சிக் கட்டணமும் கிடையாது. ஆனால் முன்பிருந்த இடம், முன்பிருந்த அளவு என்ற கோட்டை மீறி வீட்டை இருபது அடி தள்ளிக் கட்ட நினைத்தால், ஓடைக் கரையின் செட்பேக் விதி, அதாவது கரையிலிருந்து விட வேண்டிய தூரம், புதிதாகப் பொருந்தும். சொனோமாவில் அது ஓடையைப் பொறுத்து 50, 100 அல்லது 200 அடி. காட்சி நன்றாக இருக்கும் என்று வீட்டை ஓடைப் பக்கம் நகர்த்தியவர்கள் இதில் மாட்டினார்கள்.

வரைபடங்கள் திரும்பியதற்கான காரணங்களில் புதுமை இல்லை. அதே நாலைந்துதான் திரும்பத் திரும்ப வந்தன. மனைப்படத்தில் கிணறும் செப்டிக் மாற்றிடமும் வரையவில்லை. மண் அறிக்கை ஒன்று சொல்ல, அஸ்திவாரப் படம் வேறு சொல்கிறது. ஆற்றல் கணக்குப் படிவத்தைப் பதிவேட்டில் பதியாமல் வெறும் அச்சாக இணைத்திருக்கிறார்கள். கூரைச் சட்டங்களின் கணக்கில் கட்டமைப்புப் பொறியாளரின் முத்திரை இல்லை. தண்ணீர்த் தெளிப்பான் கேட்கும் நீரளவுக்குப் பழைய மீட்டர் போதவில்லை. கலிபோர்னியாவில் 2011 முதல் புது வீடு என்றாலே தெளிப்பான் கட்டாயம். அதுவரை வீட்டுக்குப் போதுமாக இருந்த 5/8 அங்குல மீட்டர் அதற்குப் பத்தாமல் போவது வழக்கம். கிணற்றை நம்பிய வீடுகளுக்குத் தொட்டியும் பம்பும் சேர்ந்தன.

விதியைக் குறைக்கவில்லை

வேகம் வேண்டும் என்று எல்லோரும் கேட்டபோது, விதியைத் தளர்த்தும் குரலும் சேர்ந்தே வந்தது. அதற்கு இடங்கொடுக்காதது சரி என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. டப்ஸ் தீ போன பாதை 1964ல் ஹான்லி தீ போன பாதையேதான் என்று சொல்லும் அளவுக்கு இரண்டும் ஒத்திருந்தன. மூன்றாவது முறை வராது என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது.

2008ல் நடப்புக்கு வந்த மாநிலக் கட்டட விதியின் 7ஏ அத்தியாயம், காட்டை ஒட்டிய வீடுகளுக்காக எழுதியது. வீடுகள் பெரும்பாலும் தீநாக்கில் எரிவதில்லை; காற்றில் பறந்துவரும் கங்கு பரணுக்குள் புகுந்துதான் எரிகின்றன. ஆகவே காற்றுத் துளைகளுக்கு 1/16 முதல் 1/8 அங்குலக் கண் கொண்ட உலோக வலை அல்லது கங்கு தடுக்கும் சோதனையில் தேறிய துளை. இரட்டைக் கண்ணாடியில் ஒன்றாவது கடினமாக்கியது. இலை சேராத கூரையோர மழைநீர்க் குழாய். எளிதில் பற்றாத வெளிச்சுவர். வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதரைக் குறைத்து வைப்பதும் சேர்ந்தது. இந்த அத்தியாயம் அபாய வரைபடத்தில் குறித்த பகுதிகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. காஃபி பார்க் அந்த வரைபடத்தில் இல்லாததால், சாம்பலான அதே தெருக்களில் இந்த விதி இல்லாமலே வீடுகள் எழுந்தன. வரைபடம் தீக்குப் பின்தங்கி நின்ற இடம் அது.

களத்தில்

அனுமதி கையில் வந்த பிறகு துறையின் முகம் கள ஆய்வாளர்தான். கான்கிரீட் ஊற்றும் முன் அஸ்திவாரப் பார்வை. கம்பி கட்டி முடித்து, ஆங்கர் போல்ட்டுகள் தொங்கவிடாமல் இடத்தில் பொருத்தியிருக்க வேண்டும். போல்ட்டுகளுக்கு நடுவே 6 அடிக்கு மேல் கூடாது. 7 அங்குலம் கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும். நிலநடுக்கப் பகுதியானதால் 3 அங்குலச் சதுர வாஷர் தகடு. மின்சார எர்த்துக்காக 20 அடி நீளத்துக்குக் குறையாத கம்பியை அஸ்திவாரத்துக்குள்ளேயே பதித்து ஒரு முனையை வெளியே விட வேண்டும். ஊற்றிய பிறகு நினைவு வந்தால், வேறு எர்த் அமைப்புக்கு மறுபடி வரைபடமும் பார்வையும். பிறகு நிலநடுக்கத்தின் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும் சுவர்ப்பலகையின் ஆணி, கூரைப் பலகை, சட்டகத்தோடு குழாயும் மின்கம்பியும், வெப்பக்காப்பு, உள்பலகை ஆணி, இறுதி என்று போகும்.

பலகையை மூடியபின் ஆணி இடைவெளியைக் காட்டமுடியாது. அதைத் தெரிந்தும் ஆய்வாளர் வரும்முன் மூடிய ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள். தட்டுப்பாடு அப்படி: ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே சமயத்தில் எழும்போது வெளியூர் ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு உள்ளூர் விதி பழக்கமில்லை. திரும்பத் திரும்ப விழும் குறைகளை ஒரே தாளில் எழுதி அனுமதியோடு சேர்த்துக் கொடுத்தால், மறுபார்வைகள் குறையும்.

காத்திருந்த காலம்

வீடு எழும்வரை எங்கே இருப்பது? தீ நடந்த மாதத்திலேயே மேற்பார்வையாளர் குழு அவசர விதி கொண்டுவந்து, எரிந்த மனையிலேயே வண்டிவீட்டில் (சக்கரம் வைத்த நகரும் வீட்டில்) தங்க அனுமதித்தது; வாடகை வீடு குறையாதிருக்க, சுற்றுலாவுக்கு வீடு விடும் புது அனுமதிகளையும் நிறுத்தியது. வண்டிவீட்டுக்கும் தண்ணீர், மின்சாரம், ஒப்புக்கொண்ட கழிவுநீர் வழி மூன்றும் வேண்டும். மறுபடியும் செப்டிக்கே வந்து நின்றது.

இன்னொரு கடிகாரமும் ஓடியது. பேரிடரில் வெளியே தங்கும் செலவைக் காப்பீட்டு நிறுவனம் 24 மாதம் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 2018ல் மேலும் 12 மாதம் நீட்டிக்க வழி வந்தது. சாம்பல் அள்ள ஐந்து மாதம், செப்டிக்குக்கு ஒரு மழைக்காலம், வரைபடத்துக்கு நாலு மாதம், கட்ட ஒரு வருடம் என்று கூட்டினால் 24 மாதம் கடந்துவிடும். 2020 ஜனவரி 1 முதல் புது வீட்டுக்கு சூரிய மின்தகடு கட்டாயம் என்ற விதியும் நெருங்கியது. விண்ணப்பித்த நாளில் நடப்பில் உள்ள விதிதான் பொருந்தும் என்பதால், 2019க்குள் முழுமையாக விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதி. இந்தத் தேதிகளை உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்வதும் இந்தத் துறையின் வேலைதான்.

தீக்குப் பிந்தைய வேலை நடக்கும்போதே 2019 பிப்ரவரியில் ரஷ்யன் ஆறு கர்ன்வில் ஊரில் 45.4 அடிக்கு ஏறியது. அபாய மட்டம் 32 அடி. கட்டட ஆய்வாளர்கள் தீ வேலையை விட்டுச் சேறு படிந்த வீடுகளுக்குள் போகலாமா கூடாதா என்று காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை ஒட்டப் போனார்கள். அங்கே கேள்வி வேறு: பழுதுபார்க்கும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், கூட்டாட்சி வெள்ள விதிப்படி வீட்டைத் தூக்கிக் கட்ட வேண்டும். பாதி என்பதைக் கணக்கிட வெள்ளத்துக்கு முந்தைய மதிப்பு தேவை; எவ்வளவு தூக்குவது என்று தெரிய, வீட்டுத் தரையின் உயரத்தைக் காட்டும் பழைய சான்றும் தேவை. மறுபடியும் ஆய்வாளர்கள் முதலில் தேடிப் போனது பழைய கோப்பு அலமாரியைத்தான்.